இரண்டாமவர் சுவரைப் பார்த்து நிற்கவும்

போன மாதம் ஹட்டன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்று விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பழைய கோப்புகளை ஒழித்துக்கட்டச் சொல்லியிருக்கிறார்களாம். ஒழிப்பதற்கு முன் வாசித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்திருக்கிறது.

“சேர், கம்பியூட்டரத் திறக்கிற ஒழுங்குமுறைன்னு ஒரு பைல் இருக்குங்க. அதுல நாலாவது படியில ‘இரண்டாமவர் சுவரைப் பார்த்து நிற்கவும்’னு போட்டிருக்கு. பக்கத்துல யாரோ பச்சை மையில ‘காதையும் பொத்தவும்’னு எழுதியிருக்காங்க. இது என்ன சேர், தண்டனையா?”

“இல்லம்மா, பாதுகாப்பு” என்றேன்.

அவள் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. இன்றைய கணினிகளுக்குள் ஒரு சில்லு இருக்கிறதாம். இயந்திரம் கண் விழிக்கும்போது அதுவே பூட்டைத் திறந்துகொள்கிறதாம். யாரும் எதையும் தட்ட வேண்டாம், யாரும் எந்தச் சுவரையும் பார்க்க வேண்டாம். நல்லது. ஆனால் அந்தச் சில்லு என் காலத்தில் வந்திருந்தால் நான் இன்றைக்கும் பிரம்மச்சாரியாக இருந்திருப்பேன். அதனால் அந்த நாலாவது படியைப் பற்றி ஒழுங்காக எழுதிவைத்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறவிக் கணினிக்காரன் அல்ல. தொண்ணூறுகளில் மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்களில் டைப்ரைட்டர் திருத்திக்கொண்டு திரிந்தவன். ஒரு கையில் எண்ணெய்ப் போத்தல், மறு கையில் குடை. பிறகு கம்பனி கணினி வாங்கியது. டைப்ரைட்டரிலும் எழுத்துக் கட்டைகள் உண்டு, கணினியிலும் உண்டு என்ற ஒரே காரணத்துக்காக, ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடந்த ஆறு மாத வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். பன்னிரண்டு பேருக்கு மூன்று கணினி. மீன் பணிஸ் எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும் என்பதை அங்கே ஐயம் திரிபறக் கற்றேன். மற்றவற்றைத் தோட்டங்களின் செலவில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பிராந்திய அலுவலகத்தின் மேலாளர் திரு. சிவகடாட்சம். யாழ்ப்பாணத்துக்காரர். எந்தக் கடிதத்தையும் வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, கோலை நகர்த்தி நகர்த்தித்தான் வாசிப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருடைய கோபத்துக்கு வேறு அளவுகோல் இருந்தது. சாதாரண நாளில் “ஐசே, நீர்” என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடும், “நீங்கள்” ஆகிவிடும். “நீங்கள் தயவுசெய்து” என்று தொடங்கினால் நோர்வூட் உரக் களஞ்சியத்தில் மூட்டை எண்ணப் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் போனார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு மழைக்காலத்தில், ஒரு தோட்டத்து ஆபீஸின் கூரைத் தகரத்தைக் கழற்றிக் கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். திரையை விட்டுவிட்டார்கள், அது கனம். பெட்டி போய்விட்டது. அதற்குள் அந்தத் தோட்டத்து மனிதர்கள் அத்தனை பேருடைய விபரமும் இருந்தது. சிவகடாட்சம் என்னைக் கூப்பிட்டார்.

“ஐசே, பெட்டியைக் களவெடுத்தாலும் உள்ளுக்கு இருக்கிறதை வாசிக்கேலாமல் செய்ய வழி இருக்கோ?”

இருந்தது. வட்டில் உள்ள எல்லாவற்றையும் யாருக்கும் விளங்காத குப்பையாகக் கலக்கி எழுதிவிடும் முறை. கணினி எழும்பும்போது கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து கடவுச்சொல் கேட்கும். சரியாகத் தட்டினால் குப்பை மறுபடி செக்றோல் என்கிற சம்பளப் பதிவாகவும் கொழுந்து நிறையாகவும் மாறும். தப்பாகத் தட்டினால் குப்பை குப்பைதான். தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. குருடன் அரிசி களைகிற மாதிரித் தட்ட வேண்டும்.

இதை நான் விளக்கி முடித்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, “அந்தச் சொல் ஆரிட்டை இருக்கும்?”

அவர் முன்பு களஞ்சியப் பொறுப்பில் இருந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் அடைத்து வைக்கும் அறைக்கு எப்போதும் இரண்டு பூட்டு. ஒரு சாவி தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கரிடம், மற்றது ஆபீஸை நடத்துகிற பெரிய கிளாக்கரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். உலகத்தில் பூட்டென்று ஒன்று இருந்தால் அது இரட்டைப் பூட்டாகவே இருக்க வேண்டும் என்பது சிவகடாட்சத்தின் சமயம். ஆகவே கடவுச்சொல்லை இரண்டாகப் பிளந்தார். முதல் பாதி பெரிய கிளாக்கருக்கு, இரண்டாம் பாதி டீமேக்கருக்கு. ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியக் கூடாது.

பச்சை மையில் அவரே ஒழுங்குமுறை எழுதி டைப் அடிக்கக் கொடுத்தார். முதலாமவர் நாற்காலியை இழுத்து அமரவும். கண்ணாடி அணிபவராயின் அணியவும். கறுப்புத் திரையில் வரி வந்ததை உறுதி செய்யவும். இரண்டாமவர் சுவரைப் பார்த்து நிற்கவும். முதலாமவர் தமது பாதியைத் தட்டி எழும்பவும். இருவரும் இடம் மாறவும். முதலாமவர் சுவரைப் பார்த்து நிற்கவும். இப்படிப் பதினான்கு படிகள். மணமேடையில்கூட இத்தனை சுற்று இல்லை.

“காதையும் பொத்தச் சொல்லுவமா சேர்?” என்றேன், விளையாட்டாக.

அவர் அடிக்கோலிலிருந்து கண்ணை எடுத்தார். “காதாலை என்னத்தை ஐசே பார்க்கிறது?”

எல்லாத் தோட்டங்களிலும் இது ஒருவாறு நடந்தது. லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மட்டும் நடக்கவில்லை. தோட்டத்தின் பெயர் வேண்டாம், என் மாமியார் வீட்டார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அங்கே பெரிய கிளாக்கர் செல்லையா. எதையும் ரப்பர் முத்திரை குத்தித்தான் முடிப்பார். கடிதத்துக்குக் குத்துவார், உறைக்குக் குத்துவார், முத்திரை கையில் இல்லாவிட்டால் மேசையிலே மடக்கிய கை முட்டியால் ஒரு குத்து விட்டுத்தான் பேச்சை நிறுத்துவார். டீமேக்கர் பெருமாள். கொழுந்தை நசுக்கும் ரோலர் இயந்திரம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்தப் பட்டி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். செல்லையாவின் தங்கையைத்தான் பெருமாள் கட்டியிருந்தார். அதாவது மச்சான்மார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு கோப்பைத் தேநீர். கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் செல்லையா ஒரு வாய் குடித்துவிட்டு, “லேசா பொகை அடிக்குதே” என்று சொல்லிவிட்டார். டீமேக்கரின் தூளில் புகை வாடை என்று சொல்வது, பூசாரியைப் பார்த்து உங்கள் சாமிக்குக் காது கேட்காது என்று சொல்வதற்குச் சமம். அன்றைக்கு மூடிய வாய்.

பூட்டுப் போடப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடவுச்சொல்லை முதன்முதல் பதியும்போது இரண்டு தரம் தட்ட வேண்டும். செல்லையா உட்கார்ந்தார், பெருமாள் சுவரைப் பார்த்தார். நானும் பார்க்கக் கூடாதவன்தானே என்று நானும் சுவரைப் பார்த்தேன். சுவரில் தலவாக்கலைப் புடவைக் கடையொன்றின் காலண்டர். பிறகு பெருமாள் உட்கார்ந்தார். செல்லையா காலண்டரைப் பார்த்தார். மறுபடியும் ஒரு சுற்று. இயந்திரம் ஏற்றுக்கொண்டது. மூன்று ஆண்கள் காலண்டரையும் கணினியையும் மாறி மாறி வலம் வந்ததைப் பார்த்து, பக்கத்து மேசையில் கொழுந்து நிறை பதிந்துகொண்டிருந்த பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அவள் பெயர் கலைவாணி. பெருமாளின் மகள், செல்லையாவின் மருமகள். எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. அந்தத் தோட்டத்துக் கணினி அதற்குப் பிறகு அடிக்கடி பழுதாக ஆரம்பித்தது. அதில் பாதி பழுதுக்கு நான் பொறுப்பு.

ஒரு வருடம் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் நான் ஒருவாறு விஷயத்தைச் சொன்னேன். அவள் நிறைப் புத்தகத்திலிருந்து தலையெடுக்கவில்லை.

“அப்பாகிட்ட சொல்லிட்டேங்க. அவருக்குச் சம்மதம்தான். ஆனா மாமா மால எடுத்துக் குடுக்காம எங்கம்மா பந்தல்ல கால் வைக்க மாட்டாங்க. அப்பா மாமாவ வந்து கூப்பிட மாட்டாரு. அவரு கூப்பிடாம மாமா வர மாட்டாரு.”

“அப்ப?”

“நீங்கதான கம்பியூட்டர்காரரு. பேச வைங்க.”

கணினிக்காரனால் எதுவும் முடியும் என்று உலகம் நம்பிய காலம் அது. நானும் கொஞ்சம் நம்பினேன். அவர்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே நிற்பது ஒரே ஒரு வேளையில்தான்: கணினியைத் திறக்கிற அந்த ஐந்து நிமிடம். ஆகவே என் கல்யாணம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் மின்சாரம் நாளைக்கு மூன்று தரம் போகும். போகும்போதெல்லாம் கணினி செத்து எழும்பும். பெருமாள் தொழிற்சாலையிலிருந்து கால் மைல் இறங்கி வர வேண்டும். மின்வெட்டை அந்தக் காலத்தில் என்னளவு வாஞ்சையோடு வரவேற்றவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மின்வெட்டுக்கும், இன்றைக்காவது ஒரு வார்த்தை பேசுவார்கள் என்று பார்ப்பேன். செல்லையா தட்டுவார், எழும்புவார். பெருமாள் தட்டுவார், போய்விடுவார். புடவைக் கடைக் காலண்டர் மாறி அடுத்த வருடக் காலண்டர் வந்தது. ஒரு வார்த்தை இல்லை.

இந்த நேரத்தில் தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய தொரை ஹட்டனுக்கு முறைப்பாடு எழுதினார். டீமேக்கர் நாளைக்கு மூன்று தரம் ரோலரை விட்டுவிட்டு ஓடினால் கொழுந்தை யார் பார்ப்பது என்று. சிவகடாட்சம் கடிதத்தைக் கோல் வைத்து வாசித்தார்.

“ஐசே, மனிசர் கை படாமல் தானாய்த் திறக்கச் செய்யேலுமோ?”

“ஏலும் சேர்.”

“செய்யும். செய்து போட்டுப் பழைய சொல்லை அழியும். வியாழக்கிழமை கொழும்பிலை இருந்து டைரக்டர் வாறார். அவருக்கு முன்னாலை நிப்பாட்டித் திரும்ப எழுப்பிக் காட்டவேணும். விளங்குதோ?”

விளங்கியது. கலைவாணியிடம் சொன்னபோது அவளுக்கும் விளங்கியது. “அப்ப இனி அவங்க ஒரே ரூம்ல நிக்கவே வேண்டியதில்ல” என்றாள். பிறகு, “நல்லா வேல செய்றீங்க” என்று சொல்லி நிறைப் புத்தகத்தை மூடினாள்.

வேலையின் விபரம் இது. அப்படிப்பட்ட வட்டில் எட்டுச் சாவித் துளைகள் உண்டு. ஒன்றில் மச்சான்மாரின் சொல் இருந்தது. இன்னொன்றில், மனிதச் சொல்லுக்குப் பதிலாக ஒரு சின்னக் கோப்பையே சாவியாகப் பதியலாம். பிறகு ஓர் அட்டவணையில் எந்த வட்டு, எந்தச் சாவி, சாவி எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். கடைசியாக, கணினி கண் விழித்ததும் முதலில் படிக்கிற சின்ன மூட்டையைத் திரும்பக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். இணையத்தில் ஒரு வெள்ளைக்காரர் எழுதிய குறிப்பை அச்செடுத்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி செய்தேன். சாவிக் கோப்பை அவர் சொன்ன இடத்திலேயே வைத்தேன். சாவி சரிதானா என்று சோதனையும் செய்தேன். சரி என்றது இயந்திரம்.

நிறுத்தித் திரும்ப எழுப்பிப் பார்த்தேனா? இல்லை. எழுப்பிப் பார்த்துத் திறந்துவிட்டால் அந்த ஐந்து நிமிடம் அன்றைக்கே செத்துப்போகும். வியாழன்வரை இருக்கட்டுமே என்றது மனம். பழைய சொல்லை அழிக்கவும் கை வரவில்லை. கடமை தவறியதற்கு இவ்வளவு மென்மையான காரணம் கம்பனி வரலாற்றில் இருந்திருக்காது.

வியாழக்கிழமை காலை பத்து மணி. டைரக்டர் வந்தார், பெரிய தொரை வந்தார், சிவகடாட்சம் ஹட்டனிலிருந்து கழுத்துப்பட்டியோடு வந்தார். செல்லையா தம் மேசையில் விறைத்து உட்கார்ந்திருந்தார். உங்கள் பாதி இனித் தேவையில்லை என்று நான் சொன்னதிலிருந்து அவர் என்னிடமும் பேசுவதில்லை. பெருமாள் விருந்தாளிகளுக்குத் தேநீர் பரிமாறுவதை மேற்பார்க்க வந்து வாசலில் நின்றார்.

கணினியை நிறுத்தி எழுப்பினேன். கறுப்புத் திரை வந்தது. சாவிக் கோப்பைக் காணவில்லை, கடவுச்சொல்லைத் தரவும் என்று ஒரு வரி வந்தது.

அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. அந்த வெள்ளைக்காரரின் குறிப்பு இரண்டு வட்டு உள்ளவர்களுக்கு: முதல் வட்டு ஏற்கனவே திறந்திருக்கும், அதில் சாவியை வைத்து இரண்டாவதைத் திறக்கலாம். எங்கள் கணினியில் இருந்தது ஒரே வட்டு. நான் சாவியைப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தேன். சோதித்துப் பார்த்ததும் ஏற்கனவே திறந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டுதான்.

“என்ன ஐசே?” என்றார் சிவகடாட்சம்.

“சாவி உள்ள இருக்குங்க சேர்.”

“எதுக்குள்ளை?”

“பூட்டுக்குள்ள.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப பழைய சொல்லையும் நீர் அழிச்சிட்டீர், என்ன?”

“அழிக்கல சேர்.”

அவர் முகத்தில் என்ன நடந்ததென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கீழ்ப்படியாமையும் நிம்மதியும் ஒன்றாக வந்தால் ஒரு மனிதருக்கு மூக்கு சிவக்கும் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

“மிஸ்டர் செல்லையா, வாரும். மிஸ்டர் பெருமாள், சுவரைப் பாரும்.”

செல்லையா எழும்பி வந்தார். “வேணாம்னாங்க. இப்ப வேணுங்கிறாங்க. என் பொறுப்பில்ல இது, சொல்லிட்டேன்” என்று காற்றிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினார். இடம் மாறினார்கள். பெருமாள் தட்டினார். தவறு என்றது திரை.

மறுபடி. தவறு.

மூன்றாம் தரமும் தவறு. மூன்று தரத்துக்கு மேல் அது கேட்காது. நிறுத்தித் திரும்ப எழுப்பினேன். டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுத்துக் கட்டைகளைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். இரண்டு பணிஸ் துண்டும் ஒரு ஊக்கும் விழுந்தன.

“நீங்கள்,” என்றார் சிவகடாட்சம் என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, “நீங்கள் தயவுசெய்து...”

நோர்வூட் உர மூட்டைகள் என் கண்ணில் தெரிந்தன. கலைவாணி நிறைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாலாவது தரம் செல்லையா தட்டத் தொடங்கியிருந்தார். தட்டி முடித்து எழும்பப் போனார்.

அப்போது சுவர் பேசியது.

“கடைசியா ஒரு குத்து குத்துவியே. அதக் காணோம்.”

பெருமாள் திரும்பவில்லை. காலண்டரைப் பார்த்தபடியேதான் சொன்னார். செல்லையா நாற்காலியில் பாதி எழும்பிய நிலையில் நின்றார்.

“யார்ட்ட பேசுறாரு இவரு?” என்றார் எங்கள் எல்லாரையும் பார்த்து.

“ஒன்னையத்தான் மச்சான். பதினோரு தட்டு, அப்புறம் அந்த நீளக் கட்டயில முட்டியால ஒரு குத்து. ரெண்டு வருசமா கேக்குறேன். இன்னிக்குப் பதினொன்னோட நின்னுருது.”

“நான் எங்கய்யா குத்துனேன்?”

“பழக்கத்துல குத்துவ. ஒனக்கே தெரியாது.”

உண்மைதான். முத்திரை குத்துகிற கை. தம் பாதியைத் தட்டி முடித்ததும் ஒவ்வொரு நாளும் இடைவெளிக் கட்டையில் ஒரு குத்து விட்டுத்தான் எழும்பியிருக்கிறார். முதன்முதல் பதிந்த அன்றும் இரண்டு தரமும் குத்தியிருக்கிறார். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதால் எனக்குத் தெரியவில்லை. அந்தக் குத்து கடவுச்சொல்லின் ஓர் எழுத்தாகவே உள்ளே போய்விட்டது. இன்றைக்கு என் பொறுப்பில்லை என்று சொல்லி உட்கார்ந்ததால் கை முத்திரை குத்தவில்லை.

“நான் தட்டுறத எண்ணுனியா நீ?” என்றார் செல்லையா.

“சொவத்துல எனக்கு வேற என்ன வேல? பொடவயா வாங்குறது? ரோலர் கேக்குற காது, அது பாட்டுக்கு எண்ணும். ஒருநாள் மொதத் தரம் பத்துதான் விழுந்துச்சு, மச்சானுக்கு ஒடம்புக்கு என்னமோன்னு வீட்டுல ஒன் தங்கச்சிகிட்டகூட சொன்னேன்.”

செல்லையா நாற்காலியை முன்னால் இழுத்தார். உட்கார்ந்தார். முட்டியை உயர்த்தினார். ஆபீஸ் மேசையிலிருந்த கோப்பைகளெல்லாம் ஆடும்படி இடைவெளிக் கட்டையில் ஒரு குத்து விட்டார். இடம் மாறினார்கள். பெருமாள் தம் பாதியைத் தட்டினார்.

திரையில் எழுத்துகள் மழை மாதிரி இறங்கின. திறந்துவிட்டது.

டைரக்டருக்குத் தமிழ் தெரியாது. தோட்டப்புறக் கணினிகள் முட்டியால்தான் திறக்கின்றன என்று கொழும்பில் போய்ச் சொல்லியிருப்பார். தேநீர் வந்தது. செல்லையா ஒரு கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். மொத்த ஆபீஸும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“பொகை இல்ல” என்றார்.

“அன்னைக்கும் இல்ல” என்றார் பெருமாள்.

“அன்னைக்கு எனக்கு மூக்கடைப்பு.”

“அத அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

இருவரும் வெளியே போய் நின்று எதையோ பேசினார்கள். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எனக்கு ரோலர் கேட்கிற காது இல்லை. கலைவாணி மட்டும் சன்னல் பக்கம் போய் நின்று கேட்டுவிட்டு வந்து, எந்த முகபாவமும் இல்லாமல் கொழுந்து நிறை பதியத் தொடங்கினாள். ஆனால் காது சிவந்திருந்தது.

சிவகடாட்சம் ஜீப்பில் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டார். “ஐசே,” என்றார். எனக்கு உயிர் வந்தது. “பழைய சொல்லை அழியும் எண்டு சொன்னனான். நீர் அழிக்கேல்லை. நல்ல காலம். ஏன் அழிக்கேல்லை எண்டு எழுதித் தாரும்.”

உண்மையை எழுத முடியாது. ‘மறதி’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கோல் வைத்து வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். அதே பேனாவால்தான் நாலாவது படிக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை வரியைச் சேர்த்தார்.

அடுத்த வாரம் சாவிக் கோப்பை ஒரு பென் டிரைவில் வைத்து, அதைக் கணினிக்குப் பின்னால் செருகி, வேலையை ஒழுங்காக முடித்தேன். இந்த முறை ஏழு தரம் நிறுத்தி எழுப்பிப் பார்த்தேன். ஏழு தரமும் தானாகவே திறந்தது. பென் டிரைவை மாலையில் கழற்றி இரும்புப் பெட்டியில் வைப்பார்கள். அந்த இரும்புப் பெட்டிக்கு எத்தனை பூட்டு என்று நீங்களே ஊகிக்கலாம். மச்சான்மார் இருவரும் கொஞ்ச நாள் காலையில் வந்து, தானாகத் திறக்கிற திரையை ஏதோ களவு நடக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் கல்யாணப் பதிவு லிந்துலையில் நடந்தது. மாமா மாலை எடுத்துக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்துக்குப் பதிவாளர் இருவரைக் கூப்பிட்டார். முதலில் செல்லையா உட்கார்ந்தார், கண்ணாடியைப் போட்டார், கையெழுத்திட்டார், முடித்து முட்டியால் மேசையில் ஒரு குத்து விட்டார்.

“அடுத்த சாட்சி எங்கங்க?” என்று பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார்.

என் மாமனார் பட்டு வேட்டியோடு, கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.